தொப்புளுக்குப் பின்னால் ஒரு நாடா

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஊழியப் பங்காளர்களுக்கு,



சபைகளுக்கு நாங்கள் வரும்போது, ஆராதனை முடிந்து வெளியே நிற்கையில், மருத்துவமனையைக் குறித்துப் பல காரியங்களை விசாரிக்கிறீர்கள். யாருக்காவது அவசரமாகக் குடல் ஆபரேஷன் நடந்தது என்று ஜெபக் குறிப்பில் எழுதியிருந்தால், கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அப்படி என்னத்தைச் சாப்பிட்டார்?" நோயாளியின் வீட்டாரும் அதையேதான் கேட்கிறார்கள். கல்யாண வீட்டுப் பிரியாணி, முந்தின நாள் மீன் குழம்பு, அளவுக்கு மீறித் தின்ற பலாச்சுளை என்று ஏதாவது ஒன்றின்மேல் பழி விழுகிறது. சில வீடுகளில் சமைத்துப் போட்ட மருமகள்மேலேயே விழுகிறது. ஆகவே இந்த முறை, சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல், தாயின் கர்ப்பத்திலேயே ஆரம்பமாகி, பெரியவர்களான பிறகு வெளிப்படுகிற ஒரு குடலடைப்பைப் பற்றி எழுதுகிறோம். மருத்துவச் செய்திகளை எங்கள் அறுவை சிகிச்சை மருத்துவர்களிடம் கேட்டுச் சரிபார்த்திருக்கிறோம். மற்றவை வார்டிலும் தியேட்டர் வராந்தாவிலும் நாங்கள் கண்டவை.

முதலில் குடலடைப்பு என்றால் என்ன என்று பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர், அதாவது 20 அடி நீளம். நாம் உண்பதும் குடிப்பதும் மட்டும் அதன் வழியாகப் போகவில்லை. உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் தானே சுரக்கும் நீர் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 7 லிட்டர் உள்ளே ஊறுகிறது.  இவ்வளவும் போகிற வழியிலேயே திரும்ப உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் சேர்ந்துவிடுவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. குடல் ஓரிடத்தில் அடைபட்டுவிட்டால், மடை அடைத்த வாய்க்கால்போல மேலே உள்ள பகுதி நிரம்பி ஊதுகிறது. உறிஞ்சுகிற வேலையும் கெட்டுப்போகிறது. அடைப்பைத் தள்ளிவிடக் குடல் பலமாகச் சுருங்கும்போது வலி அலை அலையாக வருகிறது. கீழே போக முடியாதது மேலே திரும்பி வாந்தியாகிறது. முதலில் சாப்பிட்ட உணவு, பிறகு பச்சை நிறத்தில் பித்தநீர், நேரம் கடந்தால் மல நாற்றத்தோடு வாந்தி. மலம் நின்றுபோகும், வாயுவும் பிரியாது. வயிற்றுக்குள் தண்ணீர் நிரம்பியிருக்க, உடம்போ வறண்டு, நாக்கு ஒட்டி, சிறுநீர் குறைந்துவிடும்.

நம் பகுதியில் பெரியவர்களுக்குக் குடலடைப்பு வருகிறதற்கு அடிக்கடி காணப்படும் காரணங்கள் மூன்று. கவனிக்காமல் விட்ட குடலிறக்கம் ஒன்று. முன்பு நடந்த ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளே உண்டாகும் ஒட்டுத்தழும்புகள் மற்றொன்று. மூன்றாவது குடலில் வரும் காசநோய். அதனால்தான் வயிறு வீங்கி ஒருவர் வந்தவுடன் மருத்துவர்கள் வேட்டியை இறக்கித் தொடை இடுக்கைப் பார்க்கிறார்கள், வயிற்றில் பழைய தையல் தழும்பு இருக்கிறதா என்று தேடுகிறார்கள், மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் உண்டா என்று கேட்கிறார்கள். சிலரிடம் இவை எதுவுமே இருப்பதில்லை. முப்பது, நாற்பது வயதுவரை ஒரு நாளும் ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை, வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை, இருந்தும் குடல் அடைத்திருக்கிறது. அப்போதுதான் மருத்துவர்களுக்கு அந்த நான்காவது எண்ணம் வருகிறது: பிறக்கும்போதே உள்ளே ஏதாவது இருந்திருக்குமோ?

இதைப் புரிந்துகொள்ளக் கருவின் முதல் வாரங்களுக்குப் போகவேண்டும். 139-ஆம் சங்கீதத்தை நாம் ஜெபத்தில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். கர்ப்பத்தின் மறைவில் நடக்கும் வேலையைக் குறித்து மருத்துவ நூல்கள் சொல்லுவதைக் கேட்ட பின்பு அந்தச் சங்கீதத்தை முன்னைப்போல வேகமாக வாசிக்க எங்களால் முடிவதில்லை. கரு உண்டான ஆரம்ப நாட்களில் அதற்கு வெளியே, முட்டையின் மஞ்சள் கருவைப்போல ஒரு சிறு பை இருக்கிறது. அந்தப் பைக்கும் உருவாகிவரும் குடலுக்கும் இடையே மெல்லிய குழாய் ஒன்று, பின்னால் தொப்புள் அமையப்போகிற இடத்தின் வழியாக ஓடுகிறது. தாயின் இரத்தத்திலிருந்து போஷிப்பு நஞ்சுக்கொடி வழியாக வரத் தொடங்கியதும் இந்தக் குழாய்க்கு வேலையில்லை. 7, 8 வாரங்களுக்குள் அது மூடி, நூலாகி, மறைந்துவிடவேண்டும்.

பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. சிலருக்கு முழுவதும் மறைவதில்லை. குழாயின் குடல் பக்கத்து முனை மட்டும் நின்றுவிட்டால், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் விரல்போல ஒரு சிறு பை தங்கிவிடும். குழாய் அடைபட்டும் கரைந்துபோகாமல் இருந்தால், குடலிலிருந்து தொப்புளின் உட்புறம்வரை ஒரு நாடா இழுத்துக் கட்டினதுபோல நின்றுவிடும். சிலருக்குப் பையும் நாடாவும் இரண்டுமே இருக்கும். குழாய் திறந்தபடியே இருந்தால் குழந்தை பிறந்த சில நாட்களில் தொப்புள் வழியாகக் கசிவு வந்து காட்டிக்கொடுத்துவிடும். அது குழந்தை மருத்துவர்களின் காரியம், இங்கே விட்டுவிடுகிறோம்.

இந்தப் பையை மருத்துவர்கள் 'மெக்கல் பை' என்கிறார்கள். மெக்கல் என்ற பெயரைக் கேட்டபோது அவர் யார் என்று தேடிப் பார்த்தோம். தமிழ்நாட்டுத் திருச்சபையாருக்குத் தெரிந்த ஊர்க்காரர்தான். யோகான் பிரீடரிக் மெக்கல் என்பவர் ஜெர்மனியிலுள்ள ஹாலே பட்டணத்தில் 1781-இல் பிறந்து, அங்கேயே உடற்கூறு பேராசிரியராயிருந்து, 1833-இல் மரித்தார். அவருடைய தகப்பனாரும் பாட்டனாரும்கூட உடற்கூறு ஆராய்ந்தவர்கள். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க் ஐயர் படித்தது அந்த ஹாலேயில். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் ஊழியம் செய்த சுவார்ட்ஸ் ஐயரும் அங்கிருந்து வந்தவர். 1730-இல் தரங்கம்பாடி மிஷனுக்கென்று முதல் மருத்துவர் அனுப்பப்பட்டதும் ஹாலேயாரின் முயற்சியால்தான். அவர் பெயர் ஸ்லேகல்மில்க். வந்த ஆண்டிலேயே மரித்துப்போனார். நம்முடைய பிதாக்களுக்கு வேதத்தைத் தந்த பட்டணத்திலிருந்து, இன்றைக்கு நம் ஜில்லாவின் உழவன் ஒருவனுடைய உயிரைக் காக்கிற அறிவும் வந்திருக்கிறது என்பதை நினைத்து ஸ்தோத்திரம் செலுத்தினோம்.

மெக்கலுக்கு முன்பே இந்தப் பையைக் கண்டவர்கள் உண்டு. 1598-லேயே ஒரு ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். இது ஏன் உண்டாகிறது என்பதைத்தான் ஒருவரும் அறியவில்லை. கருவில் இருந்த பழைய குழாயின் மிச்சமே இது என்று 1809-இல் விளக்கியவர் மெக்கல்.

மருத்துவ மாணவர்கள் இதை 'இரண்டு' என்ற எண்ணைக்கொண்டு மனப்பாடம் செய்கிறார்கள். நூறு பேரில் சுமார் 2 பேருக்கு இருக்கும். சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்திலிருந்து ஏறக்குறைய 2 அடி தூரத்தில் இருக்கும். நீளம் 2 அங்குலம் இருக்கும். மனப்பாடத்துக்கான கணக்கு இது, ஆளுக்கு ஆள் கூடும் குறையும். ஆனால் நூற்றுக்கு இருவர் என்பதை யோசித்துப் பாருங்கள். 500 பேர் கூடுகிற ஒரு சபையில் ஏறக்குறைய 10 பேருக்கு இது இருக்கலாம். பாடகர் குழுவில் ஒருவருக்கு இருக்கலாம், இதை எழுதுகிற எங்களுக்கே இருக்கலாம். பயப்படவேண்டாம். இருக்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை அறியாமலே பிறந்து, வளர்ந்து, பேரப்பிள்ளைகளைக் கண்டு, கர்த்தருக்குள் நித்திரையடைகிறார்கள். இதற்காக ஒருவரும் ஸ்கேன் எடுக்க ஓடவேண்டியதில்லை. தொந்தரவு கொடுப்பது ஒரு சிறு பங்கினருக்குத்தான், அதிலும் பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். சிறு பிள்ளைகளுக்கு வலியில்லாமல் மலத்தில் இரத்தம் போவதும், பெரியவர்களுக்குக் குடலடைப்பும் இதனால் அதிகமாக வருகிறவை.

பிறவியிலேயே உள்ளது ஏன் முப்பத்தைந்து வயதுவரை சும்மா இருந்தது? நாங்களும் மருத்துவரிடம் இதைத்தான் முதலில் கேட்டோம். அவர் கிராமத்தில் வளர்ந்தவர். கன்றுக்குட்டியை முளைக்குச்சியில் கட்டுவதைச் சொல்லி விளக்கினார். கன்று இங்கும் அங்கும் மேய்ந்துகொண்டிருக்கும்வரை கயிற்றால் ஒரு தீங்குமில்லை. எத்தனையோ நாள் அப்படியே மேயும். என்றைக்கோ ஒரு நாள் முளையையே சுற்றிச் சுற்றி வந்து கழுத்தை இறுக்கிக்கொள்ளும். குடல் ஓய்வில்லாமல் நெளிந்துகொண்டே இருக்கிற உறுப்பு. தொப்புளுக்கும் குடலுக்கும் நடுவே நிற்கும் நாடாவைச் சுற்றி ஒரு நாள் அது முறுக்கிக்கொள்ளலாம். அல்லது நாடாவுக்கு அடியில் ஒரு வளையம் நுழைந்து, திரும்பி வர முடியாமல் ஊதிப்போகலாம். நாடா இல்லாமல் பை மட்டும் இருந்தாலும், அது உள்பக்கமாய்ப் புரண்டு, சட்டைக் கையை உள்ளே இழுத்ததுபோல ஒரு குடல் மற்றொரு குடலுக்குள் செருகிக்கொள்ளலாம். அந்த நாள் ஏன் அந்த நாளாயிருந்தது என்பதற்கு மருத்துவரிடம் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை.

பிறவிக் குடலடைப்பில் இன்னொரு வகையும் உண்டு. கரு வளரும்போது சிறிதுகாலம் குடல் வயிற்றில் இடம் போதாமல் தொப்புள்கொடிக்குள் வெளியே போய்விட்டு, 10-ஆம் வாரத்தில் திரும்ப உள்ளே வருகிறது. வரும்போது முக்கால் சுற்றுச் சுற்றி, அதனதன் இடத்தில் அமர்ந்து, முதுகுப்புறச் சுவரோடு அகலமாக ஒட்டிக்கொள்ளவேண்டும். சுற்று முழுமையாகாவிட்டால் குடல் முழுவதும் ஒரு குறுகிய காம்பில் தொங்கும், எளிதாக முறுக்கிக்கொள்ளும். பெரும்பாலும் பிறந்த முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். இதற்கான ஆபரேஷனை 1936-இல் விவரித்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து லாட் என்ற மருத்துவர், இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. சிலர் இந்தக் குறையோடேயே பெரியவர்களாகிவிடுகிறார்கள். சாப்பிட்டால் வயிற்றுவலி, இடையிடையே பச்சை வாந்தி, தானாகச் சரியாகிவிடும், பிறகு மறுபடியும் வரும். பல ஆண்டுகள் அல்சர் மாத்திரை சாப்பிட்டிருப்பார்கள். பெண்களாயிருந்தால், மனக்கோளாறு என்றும், பேய் பிடித்தது என்றும், மாமியார் வீட்டில் வேலை செய்யப் பயந்து நடிக்கிறாள் என்றும் சொல்லக் கேட்டிருக்கிறோம். வலிக்கிறது என்று ஒரு பெண் பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தால், பதினோராவது வருஷமாவது அவளை நம்பவேண்டாமா?

இனி, இந்த நோய் நம் ஜில்லாவில் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லுகிறோம். பலரிடத்தில் கண்டதை ஒருவர்மேல் சேர்த்துச் சொல்லுகிறோம். யாருடைய வீட்டுக் காரியத்தையும் வெளியே பேச எங்களுக்கு உரிமையில்லை.

ஆலங்குடிப் பக்கத்து உழவர் ஒருவர், வயது முப்பத்துநான்கு. வியாழக்கிழமை மத்தியானம் தொப்புளைச் சுற்றிப் பிடித்து இழுக்கிறதுபோல வலி. வாயு என்று நினைத்துச் சோடா குடித்தார், ஓமத்திரவம் குடித்தார். இரவில் வாந்தி. வெள்ளிக்கிழமை காலையில், தொக்கம் நின்றிருக்கும் என்று தொக்கம் எடுக்கிறவரிடம் அழைத்துப்போனார்கள். அவர் வயிற்றைத் தடவி, ஊதி, எதையோ எடுத்துக் காட்டினார். வலி அலையாக வருகிற நோயாதலால் நடுவில் சற்றுக் குறைந்தது. குறைந்தவுடன், எடுத்தாயிற்று என்று எல்லாரும் நம்பினார்கள். மலம் போகவில்லையே என்று சாயங்காலம் விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். அடைத்த குடலைப் பேதி மருந்து கொடுத்து விரட்டுவது, கதவு பூட்டிய வீட்டுக்குள் கூட்டத்தைத் தள்ளுவதுபோல. இரவில் வயிறு பறைபோல உப்பிற்று. சனிக்கிழமை விடியுமுன் 108 ஆம்புலன்ஸ் அவரைக் கொண்டுவந்து இறக்கியபோது, நாடித் துடிப்பு வேகமாகி, கை கால் குளிர்ந்திருந்தது. அலையாக வந்த வலி இப்போது விடாமல் நின்ற வலியாகியிருந்தது.

வலி விடாமல் நிற்பது நல்ல அடையாளமல்ல. குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களும் சேர்ந்து இறுகிவிட்டன என்பதற்கு அது அறிகுறி. இரத்தம் முழுவதும் நின்றால் 6 மணி நேரத்தில் குடல் செத்துப்போகத் தொடங்கும் என்கிறார்கள். அதற்குமேல் ஒவ்வொரு மணியும் விலையேறப்பெற்றது.

உடனே மூக்கு வழியாக இரைப்பைக்குள் குழாய் விட்டார்கள். தேங்கியிருந்த பச்சை நீர் லிட்டர் கணக்கில் வந்தது. இரண்டு கையிலும் சலைன் ஏறிற்று. சிறுநீர் அளக்கக் குழாய் வைத்தார்கள். நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் ஊதின குடலுக்குள் தண்ணீரும் காற்றும் படிப்படியாக, ஏணிப்படிபோலத் தெரிந்தது. எக்ஸ்ரே அடைப்பைக் காட்டும், நாடாவைக் காட்டாது. சி.டி. ஸ்கேன் சில வேளைகளில் குறிப்புக் கொடுக்கும். பல நேரங்களில் வயிற்றைத் திறந்த பிறகே இன்னது என்று நிச்சயமாகத் தெரிகிறது. இந்த நிலையில் ஸ்கேனுக்காகக் காத்திருக்க நேரமுமில்லை.

திறந்தபோது, தொப்புளின் உட்புறத்திலிருந்து சுண்டு விரலின் பாதி கனத்தில் ஒரு நாடா இறங்கிக் குடலில் ஒரு சிறு பையின் நுனியைப் பிடித்திருந்தது. அதற்கு அடியில் நுழைந்திருந்த குடல் நாவல்பழ நிறத்தில் கறுத்துப்போயிருந்தது. நாடாவைக் கத்தரிக்க ஒரு நிமிஷம் போதும். கஷ்டமான நேரம் அதற்குப் பிறகுதான். கறுத்த குடலை வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் மூடிவிட்டு மருத்துவர்கள் காத்திருக்கிறார்கள். நிறம் திரும்புகிறதா, இரத்தக்குழாய் துடிக்கிறதா, தொட்டால் குடல் நெளிகிறதா என்று பார்க்கிறார்கள். உயிர் திரும்பின பகுதியை விட்டுவிடலாம், திரும்பாத பகுதியை வெட்டியெடுத்து நல்ல முனைகளை இணைத்துத் தைக்கவேண்டும். ஐந்து, பத்து நிமிஷம் கைகட்டிக் காத்திருப்பதே ஒரு சிகிச்சை என்பதை இங்கேதான் கற்றுக்கொண்டோம். அந்த உழவருக்குக் குடலில் ஒரு பகுதி பிழைத்தது. பையோடு சேர்த்து இரண்டடி நீளம் போயிற்று. 20 அடியில் இரண்டடி போனால் மனிதன் சாப்பிட்டு உழைத்து வாழலாம். இன்னும் ஒரு நாள் கழித்து வந்திருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்பதை மருத்துவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மருத்துவர் வெளியே வந்து வீட்டாரிடம், "இது பிறவியிலேயே இருந்த கோளாறு, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளிக்குப் போகிறார். அவர் சொன்னது நற்செய்தி. ஆனால் 'பிறவியிலேயே' என்ற அந்த ஒரு சொல் வராந்தாவில் செய்கிற வேலையை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். மனைவி வீட்டார் முகம் மாறுகிறது. "கோளாற மறைச்சுத்தான் கட்டி வச்சீங்களா?" என்று ஒரு மச்சான் கேட்டுவிடுகிறார். தாயார் சுவரோரமாய் ஒதுங்கிப்போகிறார். ஒரு தாய் எங்களிடம் மெதுவாக வந்து கேட்டார்: "ஐயா, இவன வயித்துல வச்சிருந்தப்ப கிரகணத்தன்னிக்கு நான் வெளிய வந்துட்டேன். வெறகு ஒடிச்சேன். அதுனாலதான் புள்ளைக்கு இப்படியா?"

முப்பத்துநான்கு வருஷத்துக்கு முந்தின கிரகணம். அது அவர் மனதில் அன்றுமுதல் இருந்திருக்கிறது.

"அப்போது எத்தனையாவது மாதம் அம்மா?" என்று கேட்டோம். ஏழாம் மாதம் என்றார். அந்தக் குழாய் மூடவேண்டிய காலம் இரண்டாம் மாதத்தோடு முடிந்துவிட்டது என்றும், பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பமாயிருப்பதே நிச்சயமாகத் தெரியாத காலம் அது என்றும், இரண்டாம் மாதத்திலேயே கிரகணம் வந்திருந்தாலும் அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை என்றும் சொன்னோம். தாய் சாப்பிட்டதாலோ, சாப்பிடாததாலோ, வேலை செய்ததாலோ இது வருவதில்லை. தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் என்று அஞ்சவேண்டிய வகையைச் சேர்ந்ததும் அல்ல. மச்சானிடம், "உங்கள் தங்கையைக் கொடுத்தபோது அவருடைய வயிற்றுக்குள் இருந்ததை அவரே அறியார், யார் மறைப்பது?" என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் போய் எல்லாருக்கும் டீ வாங்கிவந்தார்.

யோவான் சுவிசேஷம் 9-ஆம் அதிகாரத்தில், பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டவுடன் சீஷர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். பாவம் யாருடையது, இவனுடையதா, பெற்றவர்களுடையதா என்று. ஆண்டவர் அந்த இரண்டு வழியையும் அடைத்துவிட்டார். அந்த அதிகாரத்தைப் பிரசங்கத்தில் விளக்குவது எளிது. விடியற்காலை நான்கு மணிக்கு, கிறிஸ்தவளல்லாத ஒரு தாய்க்கு, வசனமில்லாமல் அதே காரியத்தைச் சொல்லுவதுதான் மருத்துவமனை ஊழியம். பழைய கிரேக்கப் பாடம் ஒன்றும் அப்போது நினைவுக்கு வருகிறது. திரளான ஜனங்களைக் கண்டு இயேசு மனதுருகினார் என்று சொல்லும் இடங்களில் மூலமொழியில் உள்ள சொல், குடல் என்ற சொல்லிலிருந்தே பிறந்தது. பெற்ற வயிறு பற்றியெரிகிறது என்று நம் தாய்மார் சொல்லுவதும் வேறொன்றுமல்ல.

உங்கள் காணிக்கைகள் இதில் எங்கே வருகின்றன என்பதையும் சொல்லவேண்டும். இரவு இரண்டு மணிக்குத் தியேட்டரைத் திறக்க அறுவை மருத்துவர் ஒருவர் மட்டும் போதாது. மயக்க மருந்து கொடுப்பவர், நர்சுகள், இரத்தம், ஆக்சிஜன், ஆபரேஷனுக்குப் பின் சில நாட்கள் தீவிர கவனிப்பு எல்லாம் வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் வந்தபின் ஏழைகளுக்குப் பெரிய ஆறுதல் உண்டாயிருக்கிறது, அதற்காக நன்றி சொல்லுகிறோம். ஆனால் அட்டை வீட்டுப் பெட்டியில் இருக்கும், நோயாளி எங்கள் மேசையின்மேல் இருப்பார். அனுமதி வரும்வரை கறுத்த குடல் காத்திருக்காது. அந்த இடைவெளியில் பணத்தைப் பற்றி ஒருவரும் வாய்திறக்காதபடி பார்த்துக்கொள்வது ஏழை நோயாளிகள் நிதிதான். பிறகு ஒரு சிறிய காரியம் உண்டு, அறிக்கைகளில் எழுதப்படுவதில்லை. கணவன் படுத்துவிட்டால் மனைவியும் துணைக்கு உட்கார்ந்துவிடுகிறாள், இரண்டு கூலியும் நின்றுபோகிறது. பத்து நாள் அவர்களுக்கு மூன்று வேளை கஞ்சியும் சோறும் கொடுக்கிறது உங்கள் அரிசிப் பைகள். அறுவடைப் பண்டிகையில் நீங்கள் ஏலம் விடாமல் அனுப்பிவைக்கிற அரிசியைச் சொல்லுகிறோம்.

உங்கள் வீட்டிலும் தெருவிலும் இப்படி நேர்ந்தால் கவனிக்கவேண்டியதை எழுதிவிடுகிறோம். வாயுத் தொல்லை எல்லாருக்கும் வருவதுதான், எல்லா வயிற்றுவலிக்கும் ஓடிவரச் சொல்லவில்லை. ஆனால் பிடித்துப் பிடித்து வலியும், அடங்காத வாந்தியும், வயிறு உப்புவதும், மலத்தோடு வாயுவும் நின்றுபோவதும் சேர்ந்து வந்தால், அது வாயு அல்ல. வாந்தி பச்சையாகிவிட்டாலும், வலி விடாமல் நின்றாலும், காய்ச்சல் வந்தாலும், தொட்டாலே துடித்தாலும் ஒரு மணிநேரமும் தாமதிக்கவேண்டாம். விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, வீட்டு எனிமா, வயிறு தடவுதல் ஒன்றும் வேண்டாம். தாகம் என்று கேட்டாலும் வாயை நனைத்துவிடுங்கள், குடிக்கக் கொடுக்காதீர்கள். இதற்குமுன் ஆபரேஷனே ஆனதில்லையே, நல்ல திடகாத்திரமான ஆளாயிற்றே என்ற எண்ணத்தில் காத்திருக்கவேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2017 முதல் புதுக்கோட்டையிலேயே இருக்கிறது. எது அருகிலிருக்கிறதோ அங்கே போங்கள், எங்களிடத்தில்தான் வரவேண்டும் என்பதில்லை. தொக்கம் எடுக்கிறவர்களை நாங்கள் பகைக்கவில்லை. ஜனங்கள் முதலில் போகிற இடம் அவர்கள் வீடு. ஆகவே கிராம ஊழியர்கள் அவர்களிடமும் போய், பச்சை வாந்தி கண்டால் உடனே அனுப்பிவிடுங்கள் என்று சொல்லலாம்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு காரியம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புகிறோம். நாடாவும் பையும் போய்விட்டன, அவை திரும்ப வளராது. ஆனால் வயிறு ஒருமுறை திறக்கப்பட்டுவிட்டதால் உள்ளே ஒட்டுத்தழும்புகள் உண்டாகி, ஆண்டுகள் கழித்தும் சிலருக்கு மறுபடி அடைப்பு வரக்கூடும். அப்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், என்ன ஆபரேஷன் நடந்தது, எவ்வளவு குடல் எடுக்கப்பட்டது என்று அங்கே உள்ளவர்களுக்குத் தெரியவேண்டும். ஆகையால் டிஸ்சார்ஜ் சீட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் அட்டையும் காப்பீட்டு அட்டையும் இருக்கிற இடத்திலேயே வைக்கச் சொல்லுகிறோம். வாசிக்கத் தெரியாத வீடாயிருந்தால், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையைக் கூப்பிட்டு, அதில் எழுதியிருப்பதை ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டே அனுப்புகிறோம்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
மருத்துவமனைப் போதகர்